ஜீப் வருகிறது என்று சொன்னது யார்

வள்ளித்தாயைப் பற்றி அவள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். வெம்பக்கோட்டை அணைக்குப் போகிற சாலையிலிருந்து சற்று ஒதுங்கியிருக்கும் ஊர் அது. டவுன் பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டால் மற்றவர்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். வள்ளித்தாய் மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, நேற்று ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாள். பதில் வருகிற வரைக்கும் கேட்பாள். சிவகாசி வந்தாலும் இறங்கமாட்டாள்.

அவள் கணவன் பாண்டிராஜ் அதற்கு நேர்மாறானவன். பட்டாசு பண்டல்களை ஏற்றிக்கொண்டு திருத்தங்கல் லாரி ஷெட்டுக்கு வேன் ஓட்டுகிறவன். தன் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் தனக்கு வேலை மிச்சம் என்று சொல்வான்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் புஞ்சையில் பருத்தி எடுத்தும் சோளம் அறுத்தும் பிழைத்தவர்கள். மழை ஏமாற்றிய வருஷங்களில் ஊரே புஞ்சையை விட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பியது. ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி உள்ள இடம் இல்லை. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான். வள்ளித்தாய் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள், அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகக் கோத்தாள். கல்யாணமாகி வந்தபிறகு பட்டாசு ஆபீஸில், வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகத்துக்கு மாறினாள். அங்கேதான் அவளுக்குப் பொன்மணி கூட்டாளியாகச் சேர்ந்தாள்.

பொன்மணி அவளுக்கு மதினி முறை. இருவருக்கும் ஒரே அறை, ஒரே வேன், ஒரே தூக்குச்சட்டியில் குழம்பு. பொன்மணி பயந்த சுபாவம். போர்மேன் எதிரே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் மகள் ஓவியா சிவகாசியில் காலேஜ் படித்தாள். தன் வீட்டில் ஒரு பிள்ளையாவது வெடிமருந்து வாடை படாத கையோடு சோறு உண்ணட்டும் என்பது பொன்மணி அடிக்கடி சொல்கிற ஒரே ஆசை.

வள்ளித்தாய் அந்த ஆபீஸில் ஒரு காரியம் சாதித்தாள். பெண்களுக்கு அங்கே கக்கூஸ் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள்தான் போகவேண்டும். ஒரு மழைநாளில் புதிதாக வந்த பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வள்ளித்தாய் தன் பகுதிப் பெண்களை எல்லாம் அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டாள். கதவு வைத்த கக்கூஸ் கட்டுகிறோம் என்று முதலாளி வாயால் சொல்லாமல் மருந்தைத் தொடமாட்டோம் என்றாள். சொன்னார்கள், கட்டினார்கள். அந்த வருஷம் கல்யாண மண்டபத்தில் நடந்த பாதுகாப்பு விழாவில், பெண் தொழிலாளர் நலனில் காட்டிய அக்கறைக்காக முதலாளிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வள்ளித்தாய் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். கை தட்டச் சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

முதலாளியின் பெயர் ஹரிபிரசாத். அப்பாவுக்குப் பிறகு ஆபீஸை ஏற்றுக்கொண்ட இளைஞர், வெளியூரில் நிர்வாகம் படித்தவர். தொழிலாளிகளை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடை ஏறினால் தலைமை என்றால் என்ன, பண்பாடு என்றால் என்ன என்று அழகாகப் பேசுவார். இது கம்பெனி இல்லை, குடும்பம் என்பது அவர் தவறாமல் சொல்கிற வாக்கியம். தீபாவளிக்குச் சேலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுக்கும்போது அந்த வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுப்பார். ஜனங்களும் நம்பினார்கள். நம்புவது எளிது, அதற்குத் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம். சீசன் வந்து ஆர்டர் குவிந்துவிட்டால் எட்டுப் பேர் உட்காருவார்கள். அதுவும் போதாவிட்டால் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். சோதனை போடுகிற அதிகாரிகளின் ஜீப் கிளம்பிவிட்டது என்று போனில் தெரிந்ததும் போர்மேன் அழகுராஜா வாசலில் நின்று சின்னச் சின்னதாக விசில் ஊதுவார். ஊதியவுடன் கூடுதலாக இருக்கிறவர்கள் எல்லாரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வேலியில் இதற்கென்றே விட்டிருந்த சந்து வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். ஜீப் போனபிறகு நீளமாக ஒரு விசில் வரும். அப்போது திரும்பலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், இதைப் பெண்கள் யாரும் கொடுமையாக நினைக்கவில்லை. முள் குத்தினால் சிரித்துக்கொண்டே பிடுங்கிப் போட்டார்கள். புதிதாக வருகிறவளுக்கு மருந்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், எந்தச் சந்தில் நுழைவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர் அவர்களுக்கு எதிரி; ஆபத்தில் உட்காரவைத்துவிட்டு ஒளிந்துகொள்ளச் சொல்கிறவர் சொந்தக்காரர். ஆபீஸுக்குச் சீல் வைத்துவிட்டால் நம் அடுப்பு எரியாது என்கிற பயத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே எப்படி வேண்டுமானாலும் ஓடவைக்கலாம். வள்ளித்தாயும் ஓடினாள். பஸ் டிரைவரைக் கேள்வி கேட்டவள், இந்த விசிலை ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை.

அன்றைக்கும் சீசன்தான். பேன்சி வெடிக்குள் போய் வானத்தில் நிறம் நிறமாகப் பிரிகிற உருண்டை மருந்துக்கு மணி மருந்து என்று பெயர். அதைத் தட்டுகளில் பரப்பி மேடையில் காயவைக்க வேண்டும். மேடை நிறைந்துவிட்டதால் மிச்சத் தட்டுகளை மரத்தடியில் காயவைத்திருந்தார்கள். தட்டை எடுக்கிறபோது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கவேண்டும். தரையில் இழுக்கவே கூடாது, உரசினால் தீப்பிடிக்கும். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம். பொன்மணிக்கும் தெரியும்.

விசில் கேட்டது. போர்மேன் இரண்டு உத்தரவுகளை ஒரே மூச்சில் போட்டார். கூடுதல் ஆட்கள் காட்டுக்குள் போகவேண்டும். மரத்தடித் தட்டுகள் அறைக்குள் போகவேண்டும். பொன்மணியோடு தட்டுத் தூக்குகிற வள்ளித்தாயின் பெயர் அந்த அறைக் கணக்கில் இல்லை. அவள் ஓடவேண்டியவள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவளை அதைப் போட்டுவிட்டு ஓடச் சொல்லி அழகுராஜா சத்தம் போட்டார். அவள் ஓடினாள். பின்னால் தட்டு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. வேலிச் சந்தைத் தாண்டியபோது பூமி அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அறை இருந்த இடத்தில் புகைதான் இருந்தது.

அறைக் கணக்கிலிருந்த மற்றவர்கள் வேறு தட்டுகளைத் தூக்க மரத்தடிக்கு வந்திருந்ததால் தப்பினார்கள். பொன்மணி அங்கேயே போய்விட்டாள். பக்கத்து அறையில் பண்டல் கட்டிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி, சுவர் இடிந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டான். ஜீப் அன்று வரவே இல்லை. அது வேறொரு கம்பெனிக்குப் போகிற ஜீப் என்று பிறகு தெரிந்தது.

இதற்குமேல் நடந்ததைச் சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. முதலாளியைப் போலீஸ் தேடுவதாகப் பேப்பரில் வந்தது. ஊருக்கே தெரிந்த வீட்டில் இருந்தவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முன்ஜாமீன் கிடைத்ததும் அவரும் கிடைத்துவிட்டார். போர்மேனைக் கைது செய்து உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டார்கள். விபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டவர்களிடம் முதலாளி சோதனை அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி போர்மேனைப் பார்த்தார், போர்மேன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பொன்மணி பெயரைச் சொன்னார். தட்டைத் தூக்காமல் இழுத்துவிட்டாள், அதனால் வந்த வினை என்றார். அதற்குமேல் அந்தப் பழி எங்கேயும் நகரவில்லை. செத்துப்போனவளால் அதை அடுத்தவர் தலையில் கட்ட முடியாதே. மறுநாள் பேப்பரில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று போட்டார்கள்.

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கருத்தப்பாண்டியின் தாய் சீனியம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. காலையில் ஓவியா காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சீனியம்மா அவள் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். உன் ஆத்தா என் பிள்ளையைத் தின்றுவிட்டாள், நீ படித்து யாரைத் தின்னப் போகிறாய் என்று கேட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளை யார் என்ன சொல்ல முடியும்? பஸ் ஸ்டாப்பில் ஓவியா நின்றால் மற்றவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள். இரண்டாம் நாளோடு அவள் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஊர்க்காவலன் என்ற பெயருடைய அவள் அப்பா, மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து, வீட்டைக் காலி செய்யத் தொடங்கினார்.

வள்ளித்தாய் அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனபோது ஓவியா அழவில்லை. அம்மா தட்டை இழுத்தது உண்மைதானா என்று மட்டும் கேட்டாள். வள்ளித்தாய் பேச்சுக்குப் பேர்போனவள், ஒரு சின்னப் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தாள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்தினம் பெண்கள் எல்லாரையும் வேன் வைத்துச் சிவகாசியிலிருக்கும் கம்பெனி மாடிக்குக் கூட்டிப் போனார்கள். காபி கொடுத்தார்கள். என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று அழகுராஜா பாடம் நடத்தினார். அறைக்கு நாலு பேர்தான் இருந்தோம். மரத்தடியில் எதுவும் காயவில்லை. பொன்மணி தானாகத் தட்டை இழுத்தாள், நாங்கள் வேண்டாம் என்றோம், அவள் கேட்கவில்லை. விசிலும் இல்லை, காடும் இல்லை. ஒவ்வொருத்தியும் சொல்லிக் காட்டவேண்டியிருந்தது. ஒருத்தி, ‘நாங்கள் வேண்டாம் என்றோம்’ என்கிற இடத்தில் அழுதுவிட்டாள். அழுகை நன்றாக இருக்கிறது, அங்கேயும் அழு என்றார் அழகுராஜா.

பிறகு ஹரிபிரசாத் வந்தார். கண் சிவந்திருந்தது, அந்தத் துக்கம் பொய் என்று சொல்ல முடியாது. இந்த இழப்புக்குத் தார்மிகப் பொறுப்பு தன்னுடையது என்றார். தலைவன் என்றால் பொறுப்பு ஏற்கவேண்டும், தான் ஏற்றுக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். ஆனால் குடும்பத்து விஷயம் குடும்பத்துக்குள் இருக்கவேண்டும், விபத்துக்காகக் கம்பெனிக்கு வைத்த சீல் நிரந்தரமாகிவிட்டால் இத்தனை பேரும் எங்கே போவார்கள் என்று கேட்டார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வள்ளித்தாய் குனியவில்லை. தார்மிகப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டு மிச்சப் பொறுப்பை எல்லாம் பொன்மணிக்குக் கொடுத்துவிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“பொறுப்பு உங்களுதுன்னா நாளைக்கு அங்கன வந்து அதை நீங்களே சொல்லிருங்க தம்பி. நாங்க எதுக்குப் பொன்மணி பேரைச் சொல்லணும்?” என்றாள்.

ஹரிபிரசாத் போர்மேனைப் பார்த்தார். அவருக்குச் சங்கடமான கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே போர்மேன் இருந்தார். அழகுராஜா வள்ளித்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் வாயை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், நாளைக்கு மட்டும் காட்டக்கூடாது என்றார். இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனிப் போர்மேனும் தன் பேச்சைத் தட்டமாட்டார் என்றார். அவள் புருஷன் ஓட்டுகிற வேனும் கம்பெனி வேன்தான் என்பதைக் கடைசியாக ஞாபகப்படுத்தினார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஊர் நிலவரம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பாண்டிராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் நல்லவன், ஆனால் பயந்தவன். தன்னிடம் கேட்காமலே அவள் முடிவு செய்திருந்தால் நன்றாக இருக்குமே என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

“நீ சொன்னா நம்ம ரெண்டு பேரு சோறும் போயிரும். சொல்லாட்டா அந்தப் பிள்ளை போயிரும். எனக்கு ஒண்ணும் ஓடலை. நீ என்ன செஞ்சாலும் ஏன் செஞ்சேன்னு கேக்க மாட்டேன், அம்புட்டுதான்” என்றான்.

விசாரணை நடந்தது, சோதனை ஜீப்புகள் கிளம்புகிற அதே அரசு அலுவலகத்தில்தான். அங்கே பெண்களை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். அழகுராஜா வாசல் மரத்தடியில் நின்று ஒவ்வொருத்திக்கும் தலையசைத்து உள்ளே அனுப்பினார். உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்தாள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் கேட்கிறவருக்கும் வேலை சுலபம்தானே. அடுத்தவள் போவாள், அவளும் வருவாள். வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வள்ளித்தாயின் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண். அதிகாரி களைத்திருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பொன்மணி தட்டைத் தரையில் இழுத்தாளா என்று கேட்டார்.

இழுத்தாள் என்றாள் வள்ளித்தாய். அடிக்கிற பெண் அடித்தாள். அவ்வளவுதான், கையெழுத்துப் போடலாம் என்றார் அதிகாரி.

“ஏன் இழுத்தான்னு நீங்க கேக்கலையே ஐயா” என்றாள் வள்ளித்தாய்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார் அவர். அவள் எழுந்திருக்கவில்லை. கேட்காததையும் சொல்லத் தொடங்கினாள். தட்டு மரத்தடியில் காய்ந்ததைச் சொன்னாள். இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தது தான்தான் என்றும், அதை விட்டுவிட்டு ஓடச் சொன்னது போர்மேன் என்றும் சொன்னாள். எதற்காக ஓடினோம், எந்தச் சந்து வழியாக ஓடினோம், எத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதையெல்லாம் சொன்னாள். தட்டு வெளியே கிடந்து ஜீப்புக்காரர் கண்ணில் பட்டால் எல்லாருக்கும் வேலை போய்விடுமே என்று பயந்துதான் பொன்மணி தனியாக இழுத்திருக்கிறாள் என்றாள். வாசலில் நின்றிருந்த பியூன் உள்ளே எட்டிப் பார்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதெல்லாம் கம்பெனியின் நிர்வாகக் கோளாறு, இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்றார்.

அப்போதுதான் வள்ளித்தாய்க்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதுவரை அவளுக்கு இருந்தது துக்கம்தான். வரம்பு. தட்டை இழுக்கக்கூடாது என்று பொன்மணியின் கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், அறைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், கேள்விக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். எல்லா வரம்பும் மிகச் சரியாகச் செத்தவளைச் சுற்றித்தான் போட்டிருக்கிறது.

“அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், அது வரம்புக்குள்ள வருதான்னு பாருங்க. எங்க போனையெல்லாம் வாசக் கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. உள்ள போன் வச்சிருக்கது போர்மேன் ஒருத்தருதான். சோதனைக்கு ஜீப் வருதுன்னு அது வந்து சேருமுன்ன அவருக்கு எப்படித் தெரியும்? ஜீப் எப்பக் கிளம்புதுன்னு உங்க ஆளுகளுக்குத்தானே தெரியும். ஜீப் வருதுன்னு சொன்னது யாரு? அதை எழுதுங்க.”

ஆதாரமில்லாமல் அரசு ஊழியர்கள் மேல் பழி சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். குரல் உயரவில்லை, ஆனால் களைப்பு போய்விட்டிருந்தது.

“நான் யாரு மேலயும் பழி சொல்லலை. யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு வெளிய மரத்தடியில நிக்காரு, கூப்பிட்டுக் கேளுங்க. ஆதாரம் இல்லாம பழி சொல்லக்கூடாதுன்னா, ஐயா, பொன்மணி மேல மட்டும் எப்படிச் சொன்னீக? அவ வந்து கேக்க மாட்டாங்கற தைரியந்தானே?”

அதிகாரி, முதலில் அவள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டர் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன் சார் என்றாள். அடித்ததை அழிப்பதற்கு ஒரு விரல் போதும். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, விரலும் நகரவில்லை. வாசலில் பியூன் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சரி, இருக்கட்டும் என்றார் அதிகாரி. அது மனசாட்சியா, சாட்சிகள் இருக்கிறார்களே என்கிற யோசனையா என்று வள்ளித்தாய்க்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி, எழுத்தில் ஏறினால் போதும் என்று நினைத்தாள். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது செய்தி அவளுக்கு முன்னாலேயே மரத்தடிக்குப் போயிருந்தது. அழகுராஜா போனில் யாரிடமோ பேசிக்கொண்டு அவசரமாக நடந்தார். ஊருக்குத் திரும்பும் வேனில் அவளை ஏற்றவேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தார்கள். அவள் பஸ்ஸில் வந்தாள். பாண்டிராஜிடம் சாவியை வாங்கிவிட்டார்கள் என்று ஊர் வந்து இறங்கியதும் தெரிந்தது. அவன் வீட்டுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சொன்ன சொல் தவறாமல் ஏன் என்று அவளைக் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. ஓவியா வீட்டுக்கும் போகவில்லை. நேரே சீனியம்மா வீட்டுக்குப் போனாள். ஓவியாவுக்கு வருகிற தொந்தரவு அங்கேயிருந்துதான் கிளம்புகிறது என்பது அவள் எண்ணம். சீனியம்மா பொன்மணியின் கூட்டாளியை உள்ளே விடமாட்டேன் என்றாள். விடவேண்டாம், அங்கேயே இருந்து கேளுங்கள் என்று வள்ளித்தாய் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள். அலுவலகத்தில் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். பொன்மணி தட்டை இழுத்ததையும் மறைக்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அவளோடு அன்றைக்குப் பாடம் ஒப்பித்துவிட்டு வந்த பெண்கள் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கதவோரம் நின்று கேட்டார்கள்.

சீனியம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த ஜீப்பு வரவே இல்லையா?” என்றாள் கடைசியில்.

வரவில்லை என்றாள் வள்ளித்தாய்.

“வராத ஜீப்புக்காகவா என் பிள்ளை செத்தான்?”

சீனியம்மா எழுந்து கொண்டையைச் சுருட்டி முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தினமும் போகிற வழிதான். ஓவியா வீட்டு வாசலில் ஊர்க்காவலன் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். சீனியம்மாவைக் கண்டதும் மகளை உள்ளே தள்ளிக் கதவை மூடப் போனார்.

“கதவை மூடாதய்யா. ஏ புள்ள ஓவியா, வெளிய வா” என்றாள் சீனியம்மா.

ஓவியா வந்தாள். மண் வந்து விழும் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சீனியம்மாவின் இரண்டு கைகளும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. மன்னிப்பு என்கிற வார்த்தை அந்தத் தெருவில் புழங்குகிற வார்த்தை இல்லை, அவளும் சொல்லவில்லை.

“நாளைக்குக் காலேசுக்குக் கிளம்பு. பஸ்சு வாற வரைக்கும் உங்கூட நான் நிக்கேன். எவ தள்ளிப் போயி நிக்கான்னு பாப்போம்.”

பிறகு வள்ளித்தாயிடம் திரும்பி, அந்த ஆபீஸர் மறுபடியும் கூப்பிடுவாரா என்று கேட்டாள். கூப்பிடுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை என்றாள் வள்ளித்தாய்.

“கூப்பிடாட்டா நாம போவோம். போன் பண்ணுனவன் யாருன்னு எனக்குத் தெரியணும்” என்றாள் சீனியம்மா.

ஓவியா தன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், நானும் வருகிறேன் என்றாள்.